கடற்பாசியில் முளைக்கும் கிருமி

விடாத காய்ச்சலோடு ஒருவரை ஆஸ்பத்திரியில் அனுமதித்தால் கல்ச்சருக்கென்று இரத்தம் எடுப்பார்கள். ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்டால் மூன்று நாள், சிலவேளை ஐந்து நாள் என்பார்கள். "சீனி பார்த்தா உடனே சொல்றாங்க, இதுக்கு மட்டும் என்னத்துக்கு அஞ்சு நாள்?" என்று வார்ட்டுக்கு வெளியே சொந்தக்காரர் முணுமுணுப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான்.

சீனியை அளந்துவிடலாம். கிருமியை முளைக்க வைக்க வேண்டும். இரத்தத்தில் பற்றீரியா புகுந்த நோயாளியிடம்கூட, ஒரு மில்லிலீற்றருக்கு ஒன்றுகூட அகப்படாத அளவுக்கு அது அரிதாக இருக்கலாம். ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துத் தேடிப் பயனில்லை. ஆகவே வளர்ந்தவர்களிடம் போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் வரை எடுத்து, ஊட்டத் திரவத்தில் கலந்து, உடற்சூட்டில் வைக்கிறார்கள். பெருகும் பற்றீரியா காபனீரொட்சைட்டை வெளியிடும். அதை இயந்திரம் கண்டு அறிவிக்கும். கல்ச்சர் என்றால் பண்பாடு என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, இங்கே அந்தச் சொல்லின் மூலப்பொருளே முன்னுக்கு நிற்கிறது: பயிரிடுதல்.

அறிவிப்பு வந்ததும் ஒரு துளியைக் கண்ணாடியில் தடவிச் சாயமிடுவார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் பேர்லினில் இருந்தபோது வெளியிட்ட முறை இது. ஊதா நிறத்தைப் பிடித்துக்கொள்பவை ஒரு சாதி. அதை இழந்து இளஞ்சிவப்பாகத் தெரிபவை இன்னொரு சாதி. சில நிமிட வேலைதான். ஆனால் எந்த வகை மருந்து என்று டொக்டர் யோசிக்க அதுவே பெரிய உதவி.

அடுத்து, அந்தத் துளியை ஏகார் தட்டில் கோடு கோடாக இழுப்பார்கள். ஏகார் வேறொன்றுமல்ல, நோன்பு காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சுகிற கடற்பாசிதான். ரொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் முன்பு ஜெலட்டின் பாவித்தார்கள். அது உடற்சூட்டில் உருகிவிடும். சில பற்றீரியாக்கள் அதைத் தின்று நீராக்கிவிடும். அங்கு வேலை செய்த வோல்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபனி ஹெஸ்ஸே, ஜாவாவில் வாழ்ந்தவர்களிடமிருந்து அறிந்திருந்த ஏகாரைப் பரிந்துரைத்தார். ஒருமுறை உறைந்தால் ஏறக்குறைய 85 பாகை செல்சியஸ் வரை உருகாது. கடற்பாசியை வெயில் நேரத்தில் மேசையில் வைத்தாலும் கரையாது என்பது நம் உம்மாமாருக்கும் தெரிந்த விசயம். காசநோய் பற்றிய 1882ஆம் ஆண்டுக் கட்டுரையில் கொக் ஏகாரைக் குறிப்பிட்டார். அந்தப் பெண்ணின் பெயரைக் குறிப்பிடவில்லை. தட்டுக்கு மட்டும் பெத்ரியின் பெயர் நிலைத்துவிட்டது!

ஓர் இரவில் தட்டில் கடுகளவு புள்ளிகள் தோன்றும். ஒரேயொரு பற்றீரியாவின் பிள்ளைகுட்டிகள் சேர்ந்தது ஒரு புள்ளி. அவற்றை எடுத்து இன்னொரு தட்டில் பரப்பி, மருந்தூட்டிய சிறு கடதாசி வட்டுகளை மேலே வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றி வெறுமையான வளையம் விழும். அதன் விட்டத்தை அளந்து, மருந்து கேட்குமா கேட்காதா என்று எழுதுவார்கள். ரிப்போர்ட்டில் ஏ.பி.எஸ்.டி. என்றிருப்பது இதுதான். போத்தலுக்கு ஒரு நாள், தட்டுக்கு ஒரு நாள், வட்டுக்கு ஒரு நாள். போத்தலில் எதுவும் முளைக்காவிட்டால் வழக்கமாக ஐந்து நாள் பார்த்துத்தான் கைவிடுவார்கள். அதுவரை டொக்டர் கைகட்டி நிற்பதில்லை; கடும் நோயென்றால் இரத்தம் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுவார்.

இந்த உழைப்பையெல்லாம் கெடுப்பது நம்முடைய ஒரு பழக்கம். "பாமசியில ரெண்டு குளிசை வாங்கிப் போட்டுப் பார்த்தேன், சரிவரல்ல, அதான் வந்தேன்." அந்த இரண்டு குளிசை நோயைக் குணப்படுத்தப் போதாது, போத்தலில் கிருமியை முளைக்காமல் செய்யப் போதும். ரிப்போர்ட்டில் "நோ குரோத்" என்று வரும். அதை "கிருமி இல்லையாம்" என்று நாம் வாசிக்கிறோம். முளைக்கவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. முன்பே ஏதாவது போட்டிருந்தால் வெறும் மட்டையையாவது டொக்டரிடம் காட்டவேண்டும்; வெட்கப்பட்டு மறைத்தால் அந்த ரிப்போர்ட்டை அவர் எப்படிச் சரியாக வாசிப்பார்?

சிறுநீரில் இதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு. இல்லாத நோயும் இருப்பதாகத் தெரியலாம். அதனால் முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை, அவர்கள் தரும் சுத்தமான குப்பியிலேயே பிடிக்கவேண்டும். கழுவிய ஜாம் போத்தல் சரிவராது. பிடித்ததை இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும், முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும். காலையில் பிடித்ததைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பகலில் போய்ச் சேர்ந்தால், தோலிலிருந்து விழுந்த நாலைந்து பற்றீரியா வழியிலேயே ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கும்.