ஆசையின் பாவு – 9: ஒரு நம்பரில் போச்சு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு கோர்வைச் சேலை நெய்து முடிக்கப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். வேலைப்பாடு கூடினால் மாதக்கணக்கும் ஆகும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோக்கத் தறியில் இன்னொரு ஆள் கூடவே உட்கார வேண்டும். இத்தனை பாட்டுக்கும் கிடைக்கப்போகும் கூலி என்ன என்பது பாவு ஏற்றும் அன்றே தெரியும். வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழியும் என்பதும் தெரியும்.

தெரிந்த கூலிக்கு மூளை துள்ளாது. சுவிட்சர்லாந்தின் ஃப்ரீபோர் நகரில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது இதைத்தான். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் நடுமூளையின் டோபமைன் செல்கள் படபடத்தன. முதலில் ஓர் அடையாளம், பிறகு சாறு என்று பழக்கியதும் படபடப்பு அடையாளத்துக்கு இடம் மாறியது. சாறு வந்தபோது சலனமே இல்லை. அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் ஏமாற்றினால், சாறு வரவேண்டிய நொடியில் வழக்கமான துடிப்பும் அடங்கியது. டோபமைனை ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதும் பத்திரிகைகள் (இதே பத்திரிகையும்தான்) இந்த இடத்தில் தடுமாறுகின்றன. அது இன்பத்தைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தையே கணக்குப் பார்க்கிறது.

சாறு வருமா வராதா என்பது சரிபாதியாக இருந்தால்? காத்திருக்கும் நேரம் முழுக்கச் செல்களின் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. நிச்சயம் வரும், நிச்சயம் வராது என்ற இரண்டிலும் அந்த ஏற்றம் இல்லை. ஃபியோரில்லோவும் டோப்ளரும் ஷுல்ட்ஸும் இதை வெளியிட்டது 2003-ல். அதற்கு வேறு விளக்கம் சொல்பவர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்குத் தடை வந்ததும் அதே 2003-ல்தான். அரசுப் பரிசுச்சீட்டைத் தொடங்கியது 1968-ல் அண்ணா ஆட்சி, அண்ணா காஞ்சிபுரத்துக்காரர். கஜானாவுக்குப் பணம் வேண்டியிருந்தது, குற்றம் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் கூலி நாளில் சீட்டு வாங்கியவரைச் சோம்பேறி என்று திட்டியவர்கள் ஒன்றை மறந்தார்கள்: நாளெல்லாம் மிதியில் கால் வைத்தவருக்கு, முடிவு தெரியாத ஒரே பொருள் அந்தச் சீட்டுதான்.

“ஒரு நம்பர்ல போச்சு!” டீக்கடையில் அன்று சலிக்காமல் கேட்ட வசனம். கடைசி எண் மட்டும் தவறினால் மனம் வெறுத்து விட்டுவிட வேண்டும் அல்லவா? கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழு 2009-ல் சூதாட்ட இயந்திரம் போன்ற ஒரு விளையாட்டை வைத்துச் சோதித்தது. மயிரிழையில் தவறியது, முழுத் தோல்வியைவிட ஆட்களுக்குக் கசந்தது. ஆனாலும் இன்னொரு முறை ஆடும் ஆசை கூடியது. வெற்றிக்கு எழும் மூளைப் பகுதிகளில் சில அந்தத் தவறலுக்கும் எழுந்தன.

இப்போது சீட்டு செல்போனுக்குள் வந்துவிட்டது. மாநிலச் சட்டம் ஆன்லைன் ரம்மியைத் தடுத்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதைத் திறமை விளையாட்டு என்று விடுவித்தது. 2025-ல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கே மத்திய அரசு தடை போட்டது.

கசந்தும் ஏன் கை நீள்கிறது? மிச்சிகனில் கென்ட் பெரிட்ஜ், டோபமைனை இழந்த எலிகளின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டார். ரசித்து நக்கின. பக்கத்திலேயே வைத்த சாப்பாட்டைத் தேடி மட்டும் போகவில்லை. அந்த எலிகளைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)