ஏழு நகர்த்தலில் ஒரு வெற்றி

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த சதுரங்கப் போட்டியின் முதற் சுற்றில் ஏழே நகர்த்தலில் வென்றேன். எதிரே அமர்ந்த நண்பர் தேநீர்கூடக் குடித்து முடிக்கவில்லை. விடுதியில் இன்றும் அதைச் சொல்லி என்னைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு எவ்வளவு தூரம் எனக்கு உரியது என்று விளக்கவே இதை எழுதுகிறேன்.

வெள்ளைக் காய்கள் எனக்கு. இருவரும் ராஜாவின் காலாளை இரண்டு கட்டம் நகர்த்தினோம். பிறகு நான் இரு குதிரைகளையும் ஒரு பிஷப்பையும் வெளியே கொணர்ந்தேன். அவர் ராணிப் பக்கத்துக் குதிரையை இறக்கி, ராணியின் காலாளை ஒரு கட்டம் தள்ளி, பிஷப்பால் என் ராஜா பக்கத்துக் குதிரையைக் குறிவைத்தார். அது அசைந்தால் பின்னால் நிற்கும் ராணி போய்விடும். அசைத்தேன்! அது அவருடைய நடுக் காலாளை வெட்டி அங்கேயே நின்றது. அவர் முகம் மலர்ந்தது, ராணியை வெட்டினார். என் பிஷப் அவர் ராஜாவை ஒட்டியிருந்த காலாளை வெட்டிச் 'செக்' வைத்தது. ராஜாவுக்குப் போக ஒரே கட்டம். அங்கே போனதும் என் இரண்டாவது குதிரை பாய்ந்தது, ஆட்டம் முடிந்தது.

இது என் கண்டுபிடிப்பன்று. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆடிய லெகால் என்பவரின் பெயரால் வழங்கும் பொறி. புகழ்பெற்ற பிலிடோருக்குச் சதுரங்கம் கற்பித்தவர் அவர். நூலகப் புத்தகமொன்றில் படித்துவிட்டு, வாய்ப்பு வராதா என்று காத்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் எங்கள் கணிதப் பேராசிரியர் காய்களை மறுபடி அடுக்கச் சொன்னார். எதிராளியின் ராணிப் பக்கத்துக் குதிரையைத் தொட்டு, "இது இங்கே நிற்கிறதே, கவனித்தாயா?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அதற்குப் பதில் அவர் ஓரக் காலாள் ஒன்றை நகர்த்தியிருந்தால் பொறியில் பிழையில்லை. அவர் ராணியைத் தொடாமல் காலாளால் என் குதிரையை வெட்டினாலும், என் ராணி அந்தப் பிஷப்பை வெட்டிவிடும். ஒரு காலாள் எனக்கு லாபம். ஆனால் குதிரை வெளிவந்திருக்கும்போது அதுவே என் குதிரையை வெட்டும். வெட்டிய இடத்திலிருந்து தன் பிஷப்புக்குக் காவலாகவும் நிற்கும். ஒரு காலாளுக்காக முழுக் குதிரையைக் கொடுத்துவிட்டு விழித்திருப்பேன். முதலில் ஓரக் காலாளைத் தள்ளி அந்தப் பிஷப்பை விரட்டியிருக்க வேண்டும். அது பலகையின் ஓரத்துக்குப் பின்வாங்கினால் குதிரையின் காவல் அங்கே எட்டாது. பாய வேண்டிய நேரம் அது.

ஆக, அந்த ஆட்டத்தின் பெரும் பிழைகளில் முந்தியது என்னுடையது. ராணியைக் கண்டதும் வேறெதையும் பாராமல் அவர் செய்தது அதைவிடப் பெரியது, அவ்வளவே.

இரண்டாம் சுற்றில் 41 நகர்த்தல் போராடித் தோற்றேன். அந்த ஆட்டத்தைப் பற்றி விடுதியில் யாரும் கேட்பதில்லை.