'லேட்டாத்தான் நடப்பான்' என்று காத்திருக்கலாமா? வீடு தேடி வரும் ஆய்க்குடி பயிற்சி!

"அவங்க அப்பாவும் ரெண்டு வயசுலதான் நடந்தாராம். இவனும் நடந்துடுவான், விடு!"

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வசனம் கேட்காமல் இருக்காது. பல நேரம் அது பலித்தும்விடும். பலிக்காத வீடுகளில்தான் பிரச்னை. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் என்று காத்திருந்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, பயிற்சிக்கு மிகவும் தோதான காலம் கைநழுவியிருக்கும். பிறந்த முதல் சில ஆண்டுகளில் மூளை வளரும் வேகம் பிறகு கிடையாது. பெருமூளை வாதமோ வளர்ச்சித் தாமதமோ உள்ள குழந்தைக்கு அந்த வயதிலேயே பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம்.

சரி, டாக்டர் 'தினமும் பிசியோதெரபி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதைக் கொடுப்பது யார்?

கிராமத்திலிருந்து கிளம்பும் ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். கழுத்து நிற்காத பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரெண்டு பஸ் மாற வேண்டும். அன்றைய கூலி போச்சு. பெரிய பிள்ளை ஸ்கூல் விட்டு வருவதற்குள் திரும்பியாக வேண்டும். முதல் மாதம் போவார். மூன்றாம் மாதம் நின்றுவிடும். 'பெத்தவங்களுக்கு அக்கறை இல்லை' என்று இதைச் சொல்வது அநியாயம்.

இந்த இடத்தில்தான் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கத்தின் வழி கவனிக்க வைக்கிறது. குழந்தை தெரபியைத் தேடிப் போக வேண்டாம். தெரபி தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வருவார், வந்து அம்மாவுக்கும் சொல்லிக்கொடுப்பார்.

சங்கத்தை 1981-ல் தொடங்கியவர் எஸ்.ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தனக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 1992-ல் அவரோடு சேர்ந்தார் ஆடிட்டரான எஸ்.சங்கரராமன். தசைச் சிதைவால் அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வீட்டுக்கு வருபவர் டாக்டரோ, பட்டம் பெற்ற தெரபிஸ்ட்டோ அல்ல. சமூக மறுவாழ்வுப் பணியாளர். பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பெண்களே. குழந்தையின் வளர்ச்சியை எப்படி அளப்பது, எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள். பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் எல்லோரும் அவருக்குப் பின்னால் இருக்கிறார்கள். இவர்களை இணைக்க 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற ஆப் வைத்திருக்கிறார்கள். வீட்டில் பார்த்ததைப் பணியாளர் அதில் பதிவு செய்வார். அதை வைத்து அடுத்த இலக்கு என்ன என்று நிபுணர்கள் சொல்வார்கள்.

சுவர் மூலையே போதும்!

இப்படி வீட்டில் சொல்லித்தரும் விஷயங்களைக் கேட்டால், 'இதுக்கா பயிற்சி?' என்றுகூடத் தோன்றும். படுக்கவைத்தபடி பால் புகட்டாதீர்கள், புரையேறும். தலையை நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள். உட்காரத் தடுமாறும் குழந்தைக்கு ரெண்டு சுவர் சேரும் மூலை நல்ல நாற்காலி. குப்புறப் படுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்தால், தலையைத் தூக்கிப் பார்க்க ஆசை வரும். பேசாத பிள்ளையிடம் பால் டம்ளரையும் தண்ணீர் டம்ளரையும் காட்டிவிட்டுக் காத்திருங்கள்; கண் எதன் பக்கம் போகிறதோ, அதுதான் பதில். ஆனால் எந்தக் குழந்தைக்கு எது, எத்தனை நேரம் என்பதை நேரில் பார்த்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். யூடியூப் பார்த்துக் கை காலை இழுப்பது ஆபத்து.

இந்த யோசனை புதிதல்ல. ஊர்க்காரர்களுக்கும் குடும்பத்துக்கும் மறுவாழ்வுப் பயிற்சியைக் கற்றுக்கொடுப்பதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் 1989-ல் ஒரு கையேடு வெளியிட்டது. அதை எழுதியவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்து நாட்டுக்காரர், இலங்கை பிசியோதெரபிஸ்ட் பத்மனி மெண்டிஸ். மாற்றுத்திறனாளிக்கு, பள்ளி ஆசிரியருக்கு, உள்ளூர் மேற்பார்வையாளருக்கு என்று தனித்தனி வழிகாட்டிகள் அதில் உண்டு.

நம் மாநிலத்தில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அப்போது கணக்கில் வராத பல குறைபாடுகளையும் சேர்த்து, 2016 சட்டம் 21 வகைகளை அங்கீகரித்திருக்கிறது. இத்தனை பேருக்கும் தெரபிஸ்ட்டுகளை மட்டும் நம்பினால் கதை நடக்காது.

பயிற்சி பெற்ற பணியாளரைத் தக்கவைப்பது தனிப் பாடு. குழந்தையின் ஒவ்வொரு அசைவும் பழகிய ஒருவர் வேலையை விட்டுப் போனால், அந்த வீடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சம்பளம், பஸ் செலவு, மரியாதை மூன்றையும் சரியாகக் கொடுக்காமல் 'சேவை மனப்பான்மை' என்று மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்னொன்று, பயிற்சி நேரத்தில் அம்மா மட்டும் உட்கார்ந்திருப்பது. அப்பா, ஆச்சி, தாத்தா எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே?

நீங்கள் எங்கே போகலாம்?

நான்கு மாதத்தில் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்காரவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை... இதில் எது இருந்தாலும் அடுத்த தடுப்பூசி நாள்வரைகூடத் தள்ளிப்போடாதீர்கள். அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் இருக்கின்றன. அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். போகும் முன், குழந்தை சாப்பிடுவதையும் உட்காருவதையும் போனில் சின்ன வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் அழுதுகொண்டிருக்கும் குழந்தை எதையும் செய்து காட்டாது.