வேலையை விட்டவரின் கணக்கு

சென்ற விடுமுறையில் தம்போயில் ஒரு சிறிய நிறுவனத்தில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தேன். இரண்டாம் நாளே ஒரு விஷயம் திடுக்கிட வைத்தது. நான்கு மாதங்களுக்கு முன் வேலையை விட்டுப் போனவரின் பழைய கடவுச்சொல்லைப் போட்டால், சம்பளக் கோப்புகள் இன்னும் திறந்தன!

யாரும் வேண்டுமென்றே செய்ததல்ல. அங்கே நாற்பது கணினிகள். ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பயனர் பட்டியல். ஒருவர் விலகினால் எத்தனை இடத்தில் பெயரை நீக்குவது?

இதற்குத்தான் ‘டைரக்டரி சர்வீஸ்’. யார் எந்தப் பிரிவு, எதைத் திறக்கலாம் என்பதை ஒரே இடத்தில் வைத்திருக்கும் பதிவேடு என்று கொள்ளலாம். 1988இல் இதற்காக எக்ஸ்.500 என்ற தரம் வந்தது. சாதாரணக் கணினிகளுக்கு அது பெரும் சுமை. 1993இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸும் சகாக்களும் அதை இலகுவாக்கி ‘எல்டேப்’ நெறிமுறையை உருவாக்கினர். விண்டோஸ் 2000உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரியும் எல்டேப் பேசுவதுதான்.

எதை வாங்குவது? விண்டோஸ் சர்வர் என்றால் சர்வருக்கு மட்டுமல்ல, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பயனருக்கோ கணினிக்கோ தனி உரிமம் வேண்டும். 2012 டிசம்பரில் வெளியான சாம்பா 4, ஆக்டிவ் டைரக்டரியின் வேலையை லினக்ஸில் உரிமக் கட்டணமின்றிச் செய்கிறது. நான் உற்சாகமாகச் சொல்ல, மேற்பார்வை செய்த அண்ணன் கேட்டார்: “இலவசம் சரி தம்பி, நீ போனதும் கெட்டுப்போனா யாரைக் கூப்பிடறது?”

நியாயமான கேள்வி. ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் எழுதிக் கொடுத்தேன். ஒன்று படுத்தால் மற்றொன்று தாங்க, இரண்டு கணினிகளில் சாம்பாவை நிறுவினோம். உண்மையில் அந்தக் குறிப்பேடு எழுதியதுதான் நிறுவியதைவிடக் கடினம்.

முதல் கணினியை இணைத்தபோது, ‘டொமைன் கிடைக்கவில்லை’ என்றது. கேபிள் சரி, கடவுச்சொல் சரி. அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால், அந்தக் கணினி டிஎன்எஸ் முகவரியை இணைய மோடத்திடம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் சர்வரின் பெயர் மோடத்துக்கு எப்படித் தெரியும்? டிஎன்எஸ்ஸைச் சர்வரின் பக்கம் திருப்பியதும் சேர்ந்துகொண்டது. கடிகாரங்களையும் சரிபார்த்தோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் கதவைத் திறக்காமல் போகலாம்.

கடைசி வாரம் ஓர் ஊழியர் விலகினார். ஒரே கட்டளை, நாற்பது கணினிகளிலும் அவர் கணக்கு மூடப்பட்டது. முகப்பு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த கடவுச்சொல் தாளை மட்டும் எடுக்க அக்கா கடைசிவரை விடவில்லை.