செங்காந்தள் விதையும் மாரடைப்பும்

ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரங்களில் செங்காந்தள் பூக்கும் பருவத்தில் காலையில் போனால் பொறுமையைச் சோதிக்கும் ஒரு வேலையைப் பார்க்கலாம். கொடிகளுக்கு நடுவே ஆட்கள் குனிந்து ஒவ்வொரு பூவாகத் தொட்டுக்கொண்டே நகர்வார்கள். இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றின் சூல்முடியில் கையால் தடவிவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் என்று அரசாங்கம் சொன்னாலும் விவசாயிக்கு இது கண்வலிக் கிழங்கு. அவருக்கு வேண்டியது பூ அல்ல, விதை. விலை ஏறினால் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். இறங்கினால் கூலிக்கே கட்டாது.

அந்த விதையில் இருப்பது கோல்சிசின் என்னும் நச்சு. நஞ்சேதான் மருந்தும். இதே குடும்பத்தைச் சேர்ந்த கோல்சிக்கம் என்ற செடியை ஐரோப்பியர்கள் கவுட் எனப்படும் மூட்டுவலிக்கு நூற்றாண்டுகளாகக் கொடுத்துவந்தார்கள். 1820இல் பிரான்சின் பெல்லெதியே, கவாந்து என்ற இரு வேதியியலாளர்கள் அதிலிருந்து கோல்சிசினைப் பிரித்தெடுத்தார்கள். கால் பெருவிரல் நள்ளிரவில் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறதே, அந்த வலிக்கான மருந்து அது. இதே கோல்சிசினுக்கு, தினம் அரை மில்லிகிராம் அளவில், மாரடைப்பைத் தடுக்கும் மருந்தாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் அனுமதி தந்தது. பெருவிரல் வலிக்கும் இதயத்துக்கும் என்ன உறவு?

உறவின் பெயர் அழற்சி. காலில் முள் குத்தினால் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். ரோமானியரான செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே இந்த நான்கு அடையாளங்களையும் எழுதிவைத்துவிட்டார். ரத்தக்குழாய் விரிந்து, வெள்ளையணுக்கள் திரண்டு வந்து, கிருமியைத் தின்று, செத்த திசுவை அள்ளிக்கொண்டு போகின்றன. சில நாளில் எல்லாம் அடங்கிவிடும். இது நோயல்ல, இது இல்லாவிட்டால் சின்னக் கீறலிலேயே செத்துப்போவோம். சிக்கல், வேலை முடியாமல் நீளும்போதுதான். வந்த அணுக்கள் திரும்பிப் போவதில்லை, புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன, வலியும் இல்லை, வீக்கமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாள்பட்ட அழற்சி என்பது இதுதான். பத்து, இருபது ஆண்டுகள் இப்படியே ஓடலாம்.

கவுட்டில் நடப்பதைச் சற்று உற்றுப் பார்த்தால் மற்றதும் புரியும். ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்தால் அது மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகிறது. அந்த ஊசிகளை விழுங்கும் வெள்ளையணுவால் அவற்றைச் செரிக்க முடிவதில்லை. அணுவுக்குள் சில புரதங்கள் ஒன்றுகூடி, இன்டர்லூகின்-1 என்ற செய்தி மூலக்கூறை வெளியே அனுப்புகின்றன. அது இன்டர்லூகின்-6ஐக் கிளப்பிவிடுகிறது. அது கல்லீரலுக்குப் போய் சி-ரியாக்டிவ் புரதத்தை, அதாவது நம் லேப் ரிப்போர்ட்டில் சிஆர்பி என்று வருவதைச் சுரக்க வைக்கிறது. 2010இல் வந்த ஆய்வு ஒன்று, ரத்தக்குழாய்ச் சுவரில் சேரும் கொலஸ்ட்ராலும் நுண்ணிய படிகங்களாக மாறி, அதே புரதக் கூட்டத்தை அதே போலத் தட்டியெழுப்புகிறது என்று எலிகளில் காட்டியது. பெருவிரலில் ஒரே இரவில் நடக்கும் கலவரம், இதயத்தமனியில் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் நடக்கிறது. படிந்த கொழுப்பின் மேல் மூடியை அணுக்கள் அரித்து அரித்து மெலிதாக்குகின்றன. மூடி கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

ரத்தக்குழாய் அடைப்பு ஓர் அழற்சி நோய் என்று ஜெர்மானியரான ருடால்ஃப் விர்கோ 19ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார். ஆனால் சந்தேகம் ஒன்று தீராமலே இருந்தது. அழற்சி நோயை உண்டாக்குகிறதா, இல்லை நோய் வந்த இடத்தில் சும்மா கூடி நிற்கிறதா? கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்துப் பார்த்தால்தான் தெரியும். பாஸ்டனைச் சேர்ந்த பால் ரிட்கர் தலைமையிலான குழு அதைத்தான் செய்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சிஆர்பியும் கூடுதலாக இருந்த 10,061 பேருக்கு, இன்டர்லூகின்-1ஐ மட்டும் முடக்கும் கனகினுமாப் ஊசியை அல்லது வெறும் ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டார்கள். 2017இல் முடிவு வந்தது. கொலஸ்ட்ரால் துளியும் குறையவில்லை. 150 மில்லிகிராம் ஊசி போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன. அழற்சி வேடிக்கை பார்க்க வந்த கூட்டமல்ல, குற்றவாளிகளில் ஒன்று என்று அன்றைக்குத்தான் நிரூபணமானது.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது. ஊசி போட்டவர்களிடம் தொற்றுநோயால் இறந்தவர்கள் கூடுதல். காவலை விலக்கினால் திருடனும் வருவான் அல்லவா? விலையோ சாமானியர் நினைத்துப் பார்க்க முடியாதது. இதயத்துக்கான மருந்தாக அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை.

அதனால்தான் மலிவான, பழைய கோல்சிசின் பக்கம் கண் திரும்பியது. அது வெள்ளையணுவின் உள்சட்டகம் உருவாகவிடாமல் தடுத்து, அணு ஊர்ந்து போவதையே மந்தப்படுத்துகிறது. படிகத்தால் கிளம்பும் புரதக் கூட்டத்தையும் கலைக்கிறது. 2019இல் மாண்ட்ரியல் இதயக் கழகம் 4,745 நோயாளிகளிடம் செய்த ஆய்வில் இதயப் பாதிப்புகள் 23 விழுக்காடு குறைந்தன. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் 5,522 பேரிடம் 31 விழுக்காடு. ஆகா என்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, 2024இல் ஏழாயிரம் பேருக்கு மேல் சேர்த்து மாரடைப்பு வந்த கையோடு மருந்து தொடங்கிய ஆய்வு, எந்தப் பலனும் இல்லை என்றது. சிஆர்பி மட்டும் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. என் கணிப்பில் கோல்சிசின் சிலருக்கு உதவும் துணை மருந்து. கொலஸ்ட்ரால் மாத்திரைக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் மாற்றாக அதை யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. மருந்து அளவுக்கும் உயிர்குடிக்கும் அளவுக்கும் இடைவெளி கோல்சிசினில் மிகக் குறைவு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்கும் அது உடலில் தேங்கி ஆபத்தாகும். கண்வலிக் கிழங்கையோ விதையையோ வீட்டு வைத்தியமாகத் தொடவே கூடாது.

சிஆர்பி பற்றியும் கொஞ்சம் பேசலாம். இப்போது ஹெல்த் செக்கப் பேக்கேஜ் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் இருவரும் கண்டுபிடித்த புரதம் இது. நுண்சோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது, 3க்கு மேல் போனால் இதய ஆபத்து கூடுதல் என்பது பொதுக் கணக்கு. ஆனால் சளி, பல்வலி, டைபாய்டு எது வந்தாலும் அது எகிறிவிடும். 10ஐத் தாண்டினால் பயப்படுவதற்கு முன், உடம்பு தேறியபின் மறுபடி பாருங்கள். சிஆர்பி காரணமல்ல, அறிகுறி. வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்தால் காய்ச்சல் இறங்கியதாகுமா?

அறிகுறியை இறக்கித்தர ஒரு சந்தையே காத்திருக்கிறது. அதில் முதல் வரிசை மஞ்சள் மாத்திரைக்கு. மஞ்சளில் குர்குமின் இருப்பது எடையில் சுமார் 3 விழுக்காடுதான். அதுவும் குடலில் உறிஞ்சப்படாமல் பெரும்பாலும் வெளியேறிவிடும். மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் உறிஞ்சல் பலமடங்கு கூடும் என்று 1998இல் காட்டியவர்கள் பெங்களூரு ஆய்வாளர்கள். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் செறிவாக்கி மாத்திரையில் அடைத்தார்கள். விளைவு, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் வீங்கி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. ரசத்தில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்தக் குற்றச்சாட்டு கிடையாது. அவற்றை மருந்தென்று நினைக்காமல் ருசிக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அழற்சியைக் குறைப்பதைவிட, அது எங்கிருந்து ஊறுகிறது என்று பார்ப்பதே மேல். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் அது தொப்பைக்குள் இருக்கிறது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3, இருவருமே பார்வைக்கு ஒல்லி. உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாக இருக்கிறோம் என்ற நம் தைரியத்தை ஒரே படம் காலிசெய்துவிட்டது. வயிற்றுக்குள் கொழுப்பு செல்கள் அளவுக்கு மீறி உப்பிச் சாகும்போது, அவற்றைச் சுற்றி வெள்ளையணுக்கள் வளையமாக அமர்ந்து அழற்சி மூலக்கூறுகளைக் கசியவிடுகின்றன. இன்சுலின் வேலை செய்வது அதனால் தடைபடுகிறது. எடை மெஷினைவிட இஞ்ச் டேப் நமக்குப் பொருத்தம். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

நடப்பதும் உடற்பயிற்சியும் எடை குறையாவிட்டாலும் பயன் தரும். சுருங்கி விரியும் தசை வெளியிடும் இன்டர்லூகின்-6, அழற்சியை அடக்கும் மூலக்கூறுகளை வரவழைக்கிறது என்று கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் குழு கண்டது. கொழுப்பிலிருந்து வந்தால் கெடுதல் செய்யும் அதே மூலக்கூறு, தசையிலிருந்து விட்டு விட்டு வந்தால் நன்மை செய்கிறது! புகையிலை பற்றிச் சொல்லவே வேண்டாம். விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

யாரும் கணக்கில் எடுக்காத இடம் வாய். ஈறுநோய் முற்றியவரின் பல்லைச் சுற்றி ஆறாத புண்ணே இருக்கிறது; கிருமிகளும் அழற்சி மூலக்கூறுகளும் அங்கிருந்து ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்தால், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி சராசரியாக 0.4 புள்ளி குறைகிறது என்கின்றன தொகுப்பாய்வுகள். கூடுதல் மாத்திரை ஒன்று தரும் பலனில் கணிசமான பங்கு இது. ஆனால் சர்க்கரைக்கு மாதாமாதம் மருந்து வாங்குகிறவர், பல் ஆடும்வரை பல் மருத்துவரிடம் போவதில்லை. ஈறில் ரத்தம் கசிந்தால் பிரஷ் பட்டதால்தான் என்று அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவது நம்மூர் வழக்கம். செய்ய வேண்டியது நேரெதிர்: மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தைத்தான் முதலில் தேய்க்க வேண்டும், இரண்டு வாரத்தில் கசிவு நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும், சர்க்கரை இருக்கிறது என்பதையும் சொல்லி.