நாம் வாழ்வது ஒரு கணிப்பொறிக்குள்ளா?



சென்ற ஆண்டு ஒரு நாள் வகுப்பில் நியூட்டனின் விதிகளை நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, இந்த உலகமே ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குள் ஓடும் விளையாட்டு என்கிறார்களே! அது உண்மையானால் இந்த விதிகளை நாம் ஏன் படிக்க வேண்டும்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "முதலில் தேர்வுக்குப் படி, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்குப் போன பிறகுதான் என் தவறு எனக்கு உறைத்தது. உண்மையில் அவனுக்கு உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதை மறைக்கவே சிரித்திருக்கிறேன். மறுவாரம் அவனுக்குச் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்கிறேன்.

நனையாத புயல்

நாளை மழை வருமா என்பதை எப்படிக் கணிக்கிறார்கள்? வளிமண்டலத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றை எண்களாகக் கணிப்பொறியில் ஏற்றுகிறார்கள். இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு அடுத்தடுத்த நிமிடங்களில் அந்த எண்கள் எப்படி மாறும் என்று கணக்கிடுகிறார்கள். இதைத்தான் சிமுலேஷன் என்பர். தமிழில் 'பாவனை' எனலாம்.

கணிப்பொறிக்குள் புயல் வீசுகிறது. ஆனால் அறையில் ஒரு காகிதம்கூட அசைவதில்லை! சரி, அந்தப் புயலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒருவன் இருந்தால்? அவன் நனைவானா, மாட்டானா? உங்கள் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

புளியங்கொட்டை உலகம்

ஒரு சிறிய உலகத்தை நீங்களே படைத்துப் பாருங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் போதும். ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி 8 கட்டங்கள் உள்ளன அல்லவா? அவையே அதன் அண்டை வீடுகள். விதிகள் இரண்டே. கொட்டை உள்ள ஒரு கட்டத்தின் அண்டையில் 2 அல்லது 3 கொட்டைகள் இருந்தால் அது அடுத்த படியிலும் இருக்கும்; இல்லையேல் மறையும். காலியான கட்டத்தின் அண்டையில் சரியாக 3 கொட்டைகள் இருந்தால் அங்கே புதிதாக ஒன்று தோன்றும். எல்லா மாற்றங்களையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும்.

மூன்று கொட்டைகளைப் படுக்கை வரிசையில் வையுங்கள். ஓரத்தில் உள்ள இரண்டும் மறையும். நடுவில் உள்ளது நிற்கும். அதற்கு மேலும் கீழும் ஒவ்வொன்று தோன்றும். வரிசை எழுந்து நின்றுவிட்டது! அடுத்த படியில் மறுபடி படுத்துக்கொள்ளும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கணித மேதை ஜான் கான்வே உருவாக்கிய விளையாட்டு இது. 1970 அக்டோபரில் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைக் கட்டுரையில் இதை எழுதியதும் உலகெங்கும் பரவியது.

இந்த உலகத்தில் ஒரு வியப்பு உண்டு. எந்தச் செய்தியும் ஒரு படியில் ஒரு கட்டத்துக்கு மேல் பரவ முடியாது. அங்கே ஓர் இயற்பியலார் இருந்தால், "எங்கள் உலகில் வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு" என்று எழுதி வைப்பார். நம் உலகிலும் ஒளியின் வேகமான நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டரை எதுவும் மிஞ்ச முடியாது. ஆகவே நாமும் கட்டங்களுக்குள் வாழ்கிறோமா? அவசரப்படாதீர்கள்! ஒற்றுமை வேறு, நிரூபணம் வேறு.

பாஸ்ட்ராமின் மூன்று வழிகள்

2003-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் தத்துவ அறிஞர் நிக் பாஸ்ட்ராம் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்வரும் மூன்றில் ஒன்றாவது உண்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒன்று: நம்மைப் போன்ற நாகரிகங்கள், மனங்களையே பாவனை செய்யும் ஆற்றலை அடையுமுன் அநேகமாக அழிந்துவிடும். இரண்டு: அந்த ஆற்றலை அடைந்தாலும் தம் முன்னோரைப் பாவனை செய்வதில் அநேகமாக ஒருவரும் நாட்டம் கொள்ளார். மூன்று: நாம் அநேகமாக ஒரு பாவனைக்குள் இருக்கிறோம்.

முதலிரண்டும் பொய்யானால் பாவனை மனிதர்களின் எண்ணிக்கை அசல் மனிதர்களைவிடப் பன்மடங்கு பெருகிவிடும். நாம் அசலாக இருக்கும் வாய்ப்பு குறைந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் மூன்றாவதே உண்மை என்று பாஸ்ட்ராம் நிரூபித்துவிட்டதாகப் பலர் பேசுவது சரியன்று. கணிப்பொறிக்குள் உணர்வுள்ள மனம் தோன்ற முடியும் என்பதை அவர் அனுமானமாக எடுத்துக்கொள்கிறார். அது இன்றும் தீராத கேள்வி.

சோதித்துப் பார்க்கலாமா?

2012-இல் சைலஸ் பீன், ஜோரே தாவூதி, மார்ட்டின் சாவேஜ் என்ற மூன்று இயற்பியலாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். வெளி என்பது கனசதுரக் கட்டங்களால் ஆனதானால், எல்லாத் திசைகளும் சமமாக இருக்க முடியாது. கட்டத்தின் ஓரமாகச் செல்வதற்கும் மூலைவிட்டமாகச் செல்வதற்கும் வேறுபாடு தெரியும். விண்ணிலிருந்து வரும் மிக உயர்ந்த ஆற்றல் கொண்ட காஸ்மிக் கதிர்களில் அந்த வேறுபாட்டைத் தேடலாம் என்றனர். அத்தகைய அடையாளம் இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் பாவனை செய்பவர்கள் கட்டங்களைப் பயன்படுத்தாமலே செய்திருந்தால் இந்தச் சோதனை பயன்படாது.

இன்னொரு தடை உண்டு. எலெக்ட்ரானின் சுழற்சிக்கு இரண்டு நிலைகள். குவாண்டம் விதிப்படி ஓர் எலெக்ட்ரானை விவரிக்க 2 எண்கள் தேவை; இரண்டுக்கு 4; மூன்றுக்கு 8; பத்துக்கு 1,024. முந்நூறு எலெக்ட்ரான்களுக்கு? 1-ஐ அடுத்து 90 பூஜ்யங்கள் கொண்ட எண்ணைவிடவும் அதிகம்! நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் மொத்த அணுக்களோ 1-ஐ அடுத்து ஏறத்தாழ 80 பூஜ்யங்கள்தாம். அணுவுக்கு ஓர் எண் என்று எழுதி வைத்தாலும் இடம் போதாது. சாதாரணக் கணிப்பொறியால் இயற்கையை முழுமையாகப் பாவனை செய்வது இயலாது, குவாண்டம் விதிகளின்படி இயங்கும் கணிப்பொறியே தேவை என்று ரிச்சர்ட் ஃபெயின்மன் 1981-இல் ஓர் உரையில் விளக்கினார்.

"வெளியுலகில் விதிகளே வேறாக இருக்கலாமே!" என்பீர்கள். இருக்கலாம். ஆனால் எந்தச் சோதனை தோற்றாலும் இப்படி ஒரு சமாதானம் சொல்ல முடிகிறதல்லவா? பொய்யென்று காட்ட வழியே இல்லாத கூற்று விஞ்ஞானக் கூற்று ஆகாது என்றார் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர். சோதனைக்கு உட்படும் அளவுக்கே இது விஞ்ஞானம். மற்றது சுவையான தத்துவம்.

அந்த மாணவனுக்கு

புளியங்கொட்டை உலகின் இயற்பியலாரை மறுபடி நினைத்துப் பாருங்கள். தம் உலகம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. ஆயினும் '2 அல்லது 3' என்ற விதியை அவர் கண்டுபிடித்துவிட்டால், அது மெய்யான கண்டுபிடிப்புத்தான். நோட்டு யாருடையது என்பதால் விதி பொய்யாகிவிடாது. நம் உலகம் எதனால் ஆனதாக இருந்தாலும் கல் கீழேதான் விழும், தீ சுடும், பசித்தவனுக்குப் பசி பசிதான். ஆகவே படிக்கத்தான் வேண்டும். உலகின் அடித்தளம் என்னவென்று எப்போதாவது தெரியவருமானால், அது அதன் விதிகளைக் கூர்ந்து படித்தவர்களால்தான் தெரியவரும்.

இதைக் கேட்ட அம்மாணவன், "அப்படியானால் நாம் பாவனையா இல்லையா, ஐயா?" என்றான். "தெரியாது" என்றேன். இம்முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

உங்களுக்கு ஒரு பயிற்சி: முதல் வரிசையில் 2-ஆம் கட்டம், இரண்டாம் வரிசையில் 3-ஆம் கட்டம், மூன்றாம் வரிசையில் 1, 2, 3 ஆகிய கட்டங்கள் என ஐந்து கொட்டைகளை வையுங்கள். நான்கு படிகள் நடத்துங்கள். அந்த உருவம் எங்கே போயிற்று என்று நீங்களே கண்டுபிடியுங்கள்!