பொன்வண்டின் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு

பொன்வண்டின் முதுகைப் பச்சை என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. பார்க்கும் கோணம் மாறினால் பொன்னாகும், செம்பாகும், நீலத்துக்கும் சாயும். அது சாயத்தால் வந்த நிறமல்ல. ஓட்டின் மேற்பரப்பில் அடுக்கடுக்காக அமைந்த மிக மெல்லிய படலங்களில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம். அதே வண்டை, ஃப்ளாஷை நேராக அடித்து எடுத்த படத்தில் பாருங்கள். முதுகின் நடுவே வெள்ளையாக ஒரு பொட்டு, அதைச் சுற்றி இருட்டு. நிறத்தையும் காணோம், ஓட்டின் நுண்குழிகளையும் காணோம்.

அந்தப் பொட்டு வண்டினுடையது அல்ல, ஃப்ளாஷின் பிம்பம். வழவழப்பான ஓடு, தன்மேல் ஒளி பாய்ச்சிய விளக்கை அப்படியே திருப்பிக் காட்டுகிறது. ஆகவே மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோ படங்களில் முதலில் திருத்த வேண்டியது விளக்கின் உருவத்தை. அதைச் செய்வதுதான் டிஃப்யூசர். ஃப்ளாஷுக்கும் பூச்சிக்கும் நடுவே நிற்கும் ஒரு வெண்திரை, அவ்வளவுதான்.

ஃப்ளாஷ் எதற்கு?

வெயிலிலேயே எடுத்துவிடலாமே என்று தோன்றும். கணக்கு இடம் கொடுக்காது. 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில், பூச்சியின் உண்மை அளவிலேயே பிம்பம் விழும்படி, அதாவது 1:1 உருப்பெருக்கத்தில் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்பர்ச்சரை எஃப் 11 வரை சுருக்கினாலும், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. 2:1 என்றால் அரை மில்லிமீட்டர். எஃப் 16-ஐத் தாண்டிச் சுருக்கினால் விளிம்பு விளைவால் படம் முழுவதுமே மழுங்கத் தொடங்கும். போதாக்குறைக்கு, 1:1 நெருக்கத்தில் சென்சாரை எட்டும் வெளிச்சம் கால் பங்காகக் குறைந்துவிடுகிறது. இலை காற்றில் ஆடுகிறது. கையும் சற்று நடுங்கும்.

குறைந்த சக்தியில் இயங்கும் ஃப்ளாஷ், ஒரு நொடியில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே மின்னி அணைந்துவிடும். அந்த இடைவெளிக்குள் நடக்கும் அசைவு படத்தில் பதியாது. பூச்சியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்யும் கொடுமை இல்லாமல், அதன் செடியிலேயே, உயிர்த்துடிப்போடு படமெடுக்க ஃப்ளாஷ் வழி செய்கிறது. நான் ஃப்ளாஷின் பக்கம் நிற்பதற்கு இதுவே பெரிய காரணம்.

பூச்சியின் கண்ணுக்கு எவ்வளவு பெரிது?

ஒளியின் மென்மையைத் தீர்மானிப்பது, படம் பிடிக்கப்படும் பொருளிலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது. சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 லட்சம் கி.மீ. ஆனால் 15 கோடி கி.மீ. தள்ளி இருப்பதால் வானத்தில் அது அரை டிகிரி அகலம்தான். அதனால்தான் உச்சிவெயிலில் நிழல் அவ்வளவு கறாராக விழுகிறது. மேகம் மூடிவிட்டால் வானமே விளக்காகி, நிழல் கரைந்துவிடுகிறது.

பூச்சிக்கும் இதே விதிதான். ஃப்ளாஷின் முகம் சுமார் 7 செ.மீ. அகலம், 30 செ.மீ. தள்ளி இருந்தால், பூச்சியின் இடத்திலிருந்து அது 13 டிகிரி விளக்கு. 20 செ.மீ. அகலமுள்ள திரையை 10 செ.மீ. நெருக்கத்தில் நிறுத்தினால் அதுவே 90 டிகிரி ஆகிவிடும். ஃப்ளாஷோடு தரப்படும் சின்ன பிளாஸ்டிக் மூடி மேக்ரோவுக்கு உதவாமல் போவதும் இதனால்தான். அறைக்குள் சுவரிலும் கூரையிலும் ஒளியைச் சிதறடிக்க அது பயன்படும். திறந்தவெளியில், விளக்கின் அளவை அது கூட்டுவதே இல்லை.

லென்ஸின் முகப்பைச் சுற்றிப் பொருத்தும் ரிங் ஃப்ளாஷைப் பலர் பரிந்துரைப்பார்கள். 1952-ல் லெஸ்டர் டைன் அதைப் பல் மருத்துவப் படங்களுக்காக உருவாக்கினார். வாய்க்குள் நிழல் விழாமல் எடுக்க அது அருமையான கருவி. பூச்சிக்கோ, ஒளி நேர்முன்னாலிருந்தே வருவதால் உருவம் தட்டையாகிறது. பளபளப்பான ஓட்டிலும் குதிக்கும் சிலந்தியின் கண்களிலும் வெள்ளை வளையங்கள் தெரிகின்றன.

ஒரு மாலைப்பொழுது வேலை

நல்ல டிஃப்யூசரைக் கையாலேயே செய்துகொள்ளலாம். டிரேசிங் பேப்பர், பட்டர் பேப்பர், புதுப் பொருட்களைச் சுற்றிவரும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட் ஆகிய எதுவும் போதும். மஞ்சளேறிய தாள் மட்டும் வேண்டாம். படத்திலும் மஞ்சள் ஏறும். அட்டையால் கூம்பு செய்து, உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டி, ஃப்ளாஷிலிருந்து லென்ஸின் முனைவரை ஒளியைக் கொண்டுவாருங்கள். முனையில் திரையைப் பூச்சியின் பக்கமாக வளைத்துக் கட்டுங்கள்.

ஒற்றைத் திரை போட்டால் நடுவில் மட்டும் அதிகம் ஒளிரும். வண்டின் முதுகில் பழையபடி பொட்டு வரும். ஃப்ளாஷின் வாயருகே ஒரு திரை, சில செ.மீ. இடைவெளி விட்டு இன்னொன்று என்று வைத்தால் ஒளி வெளித்திரை முழுவதும் சீராகப் பரவும். திரை கூடக் கூட வெளிச்சத்தை விழுங்கும்; ஃப்ளாஷ் கூடுதல் சக்தியில் எரிய வேண்டிவரும், மின்னும் நேரமும் நீளும். அதனால் இரண்டுக்கு மேல் போகாமலிருப்பது நல்லது.

சோதித்துப் பார்க்க சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்று போதும். அதைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் விளக்கின் உருவம் முழுதாக அதில் இருக்கும். எங்கே அதிகம் ஒளிர்கிறது, விளிம்பு எங்கே வெட்டுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். சரிசெய்த பிறகு பூச்சியிடம் போகலாம்.

நிழலும் வேண்டும்

எல்லாப் பக்கமும் திரையால் மூடிவிட்டால் நிழலே இருக்காது. நிழல் இல்லாவிட்டால் மேடு பள்ளமும் தெரியாது. மேலிருந்து வரும் ஒளி ஓங்கியிருக்க, கீழிருந்து ஒரு வெள்ளை அட்டை கொஞ்சம் திருப்பி அனுப்பினால் போதும். லெவன் பிஸ் என்ற ஒளிப்படக் கலைஞரின் 'மைக்ரோஸ்கல்ப்சர்' படங்கள் 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. அங்குள்ள பூச்சி மாதிரிகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக ஒளியமைத்து, ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்து ஒவ்வொன்றையும் உருவாக்கினார். கொம்புக்குப் பொருந்தும் ஒளி சிறகுக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பளபளப்பை அடக்க, ஃப்ளாஷிலும் லென்ஸிலும் போலரைசிங் ஃபில்டர்களைக் குறுக்காகப் பொருத்தும் முறையும் உண்டு. சாயநிறப் பூச்சிகளுக்கு அது சரி. பொன்வண்டுக்கோ, பளபளப்போடு சேர்ந்து அந்த அழகிய நிறமும் மங்கிவிடும். அங்கே பெரிய வெண்திரைதான் கைகொடுக்கும்.

பின்னணி கறுத்துப்போவது இன்னொரு தொல்லை. விளக்கிலிருந்து 10 செ.மீ. தொலைவிலுள்ள பூச்சிக்குக் கிடைப்பதில், 50 செ.மீ. தொலைவிலுள்ள இலைக்கு 25-ல் ஒரு பங்குதான் கிடைக்கும். பூச்சிக்குச் சற்றுப் பின்னால் ஓர் இலை வரும்படி கோணம் பாருங்கள். இல்லையேல் ஐஎஸ்ஓ-வை ஏற்றி, இயற்கை வெளிச்சத்துக்கும் இடம் கொடுங்கள்.

அடுத்த லென்ஸுக்குப் பணம் சேர்க்கும் நண்பர்கள், அதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை இந்த வெண்திரைக்குக் கொடுக்க வேண்டும். ஓட்டின் குழிகள், கால்களின் மயிர்கள், கொம்பின் கணுக்கள் எல்லாம் பூச்சியியலாளர்கள் இனங்களைப் பிரித்தறிய நாடும் அடையாளங்கள். வெளுத்துப்போன இடத்தில் இருந்த தகவலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அந்த அடையாளங்கள் தெளிவாகத் தெரியும் படமோ, அந்தப் பூச்சியை நேரில் பார்க்காத ஒருவர்கூட அது எந்த இனம் என்று சொல்வதற்கு உதவும். அதற்காக அந்த உயிரைக் குத்தூசியில் ஏற்ற வேண்டிய தேவை பல நேரங்களில் இல்லாமலே போகும்.